திரும்பி வரும் தேதி

அன்புள்ள அம்மிணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மாகிட்ட குடுக்கறேன், இரு" என்று நழுவிவிட்டேன். நீ வைத்த பிறகு உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "புள்ள கேட்டதுக்கு வாயத் தொறந்து ஒண்ணு சொன்னா என்னங்க கொறஞ்சு போகுது?" என்றாள். குறைந்து ஒன்றும் போகாதுதான். ஆனால் போனில் நான் என்ன சொன்னாலும் அது பரேடு மைதானத்தில் கொடுக்கிற ஆர்டர் மாதிரியே காதில் விழும் என்று நீயே பலமுறை குறைப்பட்டிருக்கிறாய். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும். கடையில் இப்போது கூட்டமும் இல்லை. நேற்றுப் பெய்த மழையில் மண்டி மொஹல்லா முழுக்கச் சேறு. மோட்டாருக்கு வாஷர் வாங்க யாரும் சேற்றில் இறங்கி வரமாட்டார்கள். அதனால் கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன்னோடு புறப்படப்போகிற மற்ற பெண்களுக்கும் நீ இதைப் படித்துக் காட்டலாம். அவர்களும் வீட்டில் யாரையாவது விட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

நீ கேட்டது இதுதான். உள்நாட்டுச் சண்டை நடக்கிற ஒரு நாட்டுக்கு அமைதிப்படையோடு போக உன் பெயர் வந்திருக்கிறது. போகிறாயா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். போனால் ஒரு வருடம். மாப்பிள்ளையும் எல்லையில் இருக்கிறார், ஆகவே உன் பிள்ளை கவின் எங்களிடம்தான் இருப்பான். இந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்தே அவன் எங்களிடம் இருப்பதால் அதில் புதிதாக ஒன்றுமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அப்படி நினைக்கவில்லை. "நீங்க போயிருந்தப்ப நான் பட்டத அவனும் படணுமாப்பா?" என்று கேட்டாய். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை வாயடைக்க வைத்தது. ஒரு வாரமாக அது என்னோடு கடைக்கு வருகிறது, வீட்டுக்கு வருகிறது, சாப்பிடும்போதும் எதிரே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சுபேதாராக ஓய்வு பெற்றவன், நீ மேஜர். வாசலுக்கு உள்ளே நான் அப்பா, வாசலைத் தாண்டினால் நான்தான் உனக்கு சல்யூட் அடிக்க வேண்டும். ராணுவ வேலையில் உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. உனக்குக் கொடுக்கிற பயிற்சியில் எங்கள் காலத்தில் இல்லாத எத்தனையோ விஷயங்கள் இருக்கின்றன. எங்களுக்குப் பயிற்சி என்று கொடுத்ததெல்லாம் ஒரு வரைபடம், அமைதிப்படையின் நீலத் தொப்பி ஒன்று, கொசுவுக்கு மாத்திரை. அதனால் நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பொருந்தினால் எடுத்துக்கொள், பொருந்தாததைத் தள்ளிவிடு.

நான் ஆப்பிரிக்காவுக்குப் போனது ராணுவப் பொறியாளர் பிரிவில், தண்ணீர் வேலைக்கு. துப்பாக்கி தோளில் இருந்தது, ஆனால் கைக்கு அதிகம் வேலை கொடுத்தது பைப் ரெஞ்சுதான். ஒரு மேட்டின் மேல் மணல் மூட்டை அடுக்கிய முகாம். கீழே இரண்டு வகை ஜனங்கள். ஒரு சாரார் சோளம் பயிரிடுகிறவர்கள், இன்னொரு சாரார் மாடு மேய்க்கிறவர்கள். மழை பொய்த்த வருடங்களில் மாடு சோளத்தில் வாய் வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் அது தடியோடு முடிகிற தகராறு. பிறகு தலைநகரில் நாற்காலிக்குச் சண்டை வந்தபோது, அங்கே இருந்தவர்கள் இவர்கள் இருவருக்கும் துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு அது வெளிநாட்டுக் கதையாகவே தோன்றவில்லை. நம் கொள்ளேகால் பக்கத்தில் வரப்புத் தகராறு எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கி மட்டும்தான் இல்லை.

முகாமைச் சுற்றி இரண்டு சாராரும் வந்து குடிசை போட்டிருந்தார்கள். நீலத் தொப்பி இருக்கிற இடத்தில் சுடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரியா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. போரை நிறுத்த எங்களுக்கு உத்தரவு இல்லை. எங்கள் கண்ணெதிரே ஜனங்களைத் தாக்கினால் தடுக்கலாம், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் நம் காகிதத்தில் தெளிவாக இருக்கும், குடிசையில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியாது. அவள் உன் தலையில் இருக்கும் நிறத்தைப் பார்த்துத் தன் பிள்ளைகளைத் தூங்க வைப்பாள். நீ போனால் முதல் வாரத்திலேயே இதை மனதில் வாங்கிக்கொள். உன்னால் முடிந்தது எது, முடியாதது எது என்று அவளிடம் முதல் நாளே சொல்லிவிடு. கேட்க அவளுக்குப் பிடிக்காது. சொல்ல உனக்கும் பிடிக்காது.

அங்கே தண்ணீருக்கு ஆறு தொலைவு. போகிற வழியில்தான் பெண்களைத் தாக்குவார்கள். அதனால் முகாமுக்குக் கீழே நாங்கள் ஒரு ஆழ்குழாய் போட்டு அடிபம்பு வைத்தோம். நல்ல தண்ணீர், கொஞ்சம் இரும்பு வாசனை. வைத்த அன்றைக்கே இரண்டு சாரார் பெண்களும் கேன்களோடு முட்டி மோதினார்கள். எங்கள் முகாமுக்குத் தலைவரான மேஜர் சாப் என்னைப் பார்த்தார். எனக்கு உடனே நம் ஊர் ஞாபகம். கால்வாய்த் தண்ணீருக்கு முறை வைத்த பிறகுதான் நம் பக்கத்தில் மண்வெட்டிச் சண்டை குறைந்தது என்று கேட்டு வளர்ந்தவன் நான். அவரவர் முறைக்கு அவரவர் வந்தால் வம்பே இல்லை. காலையில் பயிர்க்காரர்கள், சாயங்காலம் மாட்டுக்காரர்கள் என்று நேரம் பிரித்து, இரண்டு மொழியிலும் பலகை எழுதி மாட்டினேன். மேஜர் சாப் என் தோளைத் தட்டினார். மேலிடத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அம்மாவுக்குக்கூட எழுதினேன், நம் ஊர் வழக்கம் ஆப்பிரிக்கா வரைக்கும் வந்துவிட்டது என்று.

கொஞ்ச நாள் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் காலை முறையில், எதிரே ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த புல்லுக்குள்ளிருந்து சுட்டார்கள். நாங்கள் மேட்டிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் இரண்டு பெண்கள் இறந்துவிட்டார்கள். சுட்டவர்கள் மாட்டுக்காரர்கள் பக்கத்து இளவட்டங்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்களில் ஒருத்திகூடத் தங்கள் பக்கத்துப் பெண் இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று மேஜர் சாப் கேட்டார்.  நான் நேரம் எழுதி மாட்டிய பலகை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

பயிர்க்காரர்கள் பக்கத்துப் பெண்களுக்காகப் பேசுகிறவள் ரேச்சல் என்று ஒருத்தி. இறந்த இருவரில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் மேட்டுக்கு ஏறி வந்தாள். எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஜோசஃப் பக்கத்தில் நின்றான். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் சொன்னதை ஜோசஃப் சொன்னான்: "நேரத்தை எடுத்துவிடுங்கள். எல்லாரும் ஒன்றாக வருகிறோம். அவர்களுடைய அம்மாக்கள் என் பக்கத்தில் நின்றால் அவர்களால் சுட முடியாது."

மேஜர் சாப் தயங்கினார். நேற்றுத்தான் புதைத்திருக்கிறார்கள், இன்றைக்கு ஒரே பம்பில் நிற்க வைத்தால் அங்கேயே வெட்டிக்கொள்வார்கள் என்று பயம். எனக்கும் அதே பயம். ஆனால் மாட்டுக்காரப் பெண்களிடம் ஜோசஃபை அனுப்பிக் கேட்டபோது, அவர்களும் சாயங்கால முறைக்கு வரவே பயந்துபோய் ஆற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பதிலுக்குச் சுட்டால் தங்களைத்தான் சுடுவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். பலகையை நானே கழற்றினேன். முதல் நாள் பெரிய ரகளை. ஒருத்தி இன்னொருத்தியின் கேனைப் பிடுங்கி எறிந்தாள், சேற்றை அள்ளி வீசினார்கள், வாயில் வராத வசவு இல்லை. ஜோசஃப் பாதியை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். ஆனால் புல்லுக்குள்ளிருந்து ஒரு குண்டு வரவில்லை. மறுநாளும் ரகளை, மறுநாளும் குண்டு இல்லை. நாங்கள் அங்கே இருந்த வரைக்கும் அந்தப் பம்படியில் சண்டை ஒரு நாளும் ஓயவில்லை, ஒரு உயிரும் போகவில்லை. சமாதானம் என்றால் எல்லாரும் சிரித்துப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். வரிசைக்கு அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கக் கற்றுக்கொண்டேன்.

இதில் உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயமும் இருக்கிறது. நீ காலேஜில் படிக்கும்போது, காவிரித் தண்ணீருக்காக ஊர் கொதித்த ஒரு நாளில் நம் கடைச் சந்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். தமிழ்க்காரர்கள் மட்டும் மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டுப் போங்கள், நல்லதுக்குச் சொல்கிறோம் என்று யாரோ வந்து சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். நானும் பூட்டை எடுத்துவிட்டேன். பக்கத்து வெல்ல மண்டிக் கன்னடக்காரர் சித்தராஜு என் கையைப் பிடித்து நிறுத்தினார். "முச்சோதாத்ரே எல்லா ஒட்டிகே முச்சோணா" என்றார். மூடுவதானால் எல்லாரும் ஒன்றாக மூடுவோம் என்று அர்த்தம். எது தமிழ்க்கடை என்று அந்தச் சந்துக்கு வெளியிலிருந்து வருகிற யாருக்கும் தனியாகத் தெரியாது. மூடிய ஷட்டர்தான் காட்டிக்கொடுத்திருக்கும். என் பலகையை வேறு யாரோ என் கடை வாசலிலேயே மாட்ட வந்தது போல இருந்தது எனக்கு. அன்றைக்குச் சந்து முழுக்க ஒரே நேரத்தில் மூடியது, மறுநாள் ஒரே நேரத்தில் திறந்தது. சித்தராஜுவுக்கும் எனக்கும் சாக்கடை விஷயத்தில் இன்றைக்கும் ஆகாது. அது வேறு.

ஆகவே நீ போகிற இடத்தில் சண்டையைத் தவிர்க்கிறேன் என்று ஜனங்களைப் பிரித்து நிறுத்துவதற்கு முன்னால் ஒருமுறை யோசி. பிரிப்பது நமக்குச் சுலபம், அவர்களுக்கு நல்லதா என்று பெண்களிடம் கேள். உன்னை அனுப்புவதே அதற்குத்தான். எங்கள் காலத்தில் பெண்களிடம் போய்ப் பேச எங்களில் ஆள் இல்லை. ரேச்சலாக மேடு ஏறி வந்ததால் பிழைத்தோம். நீ பேசும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடு. கொடுத்ததைக் குடி, வயிறு சரியில்லாவிட்டால் மாத்திரை இருக்கிறது. இரண்டு மொழியிலும் வணக்கம் சொல்லக் கற்றுக்கொள். ஒரு மொழியில் மட்டும் கற்றுக்கொண்டால் ஒன்றும் கற்றுக்கொள்ளாததைவிட மோசம். மொழிபெயர்க்கிறவரை ஜீப்பில் முன்சீட்டில் உட்காரச் சொல்லாதே. ஜோசஃப் எப்போதும் பின்னால்தான் ஏறுவான், ஊருக்கு முன்பே இறங்கி நடந்து வருவான். திமிர் பிடித்தவன் என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நாம் போன பிறகும் அவன் அந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும் என்பது எங்களுக்கு உறைக்க நாளாயிற்று.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். வளைக்கவில்லை, வழியே அதுதான்.

நான் புறப்பட்டபோது உனக்கு ஆறு வயது. ரயில் நிலையத்தில் நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. உன்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்பதற்காக, "அடுத்த தசராவுக்கு வந்துருவேன் சாமி, தோள்ல தூக்கி வச்சு யானை காட்டறேன்" என்றேன். ஒரு வருடக் கணக்குப்படி அது சரியாகத்தான் வந்தது. எங்களுக்குப் பதிலாக வர வேண்டிய பிரிவு வரத் தாமதமாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொன்னேன். குழந்தைதானே, மறந்துவிடும் என்ற நினைப்பும் இருந்தது. நீ மறக்கவில்லை. காலண்டரில் அந்த நாளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாய் என்று உன் அம்மா பிறகு சொன்னாள். தசரா யானை ஊர்வலம் போகிற ஜம்பூ சவாரி அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டும் போகாமல், நல்ல பாவாடையைப் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாய். யானை போய், கூட்டமும் கலைந்த பிறகுதான் உள்ளே வந்தாயாம்.

அந்த வாரம் முகாமில் எனக்கு சாட்டிலைட் போனில் முறை வந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உன் அம்மா உன்னிடம் கொடுத்தாள். நான் உடனே, சங்கராந்திக்கு வந்துவிடுவேன் என்று ஆரம்பித்தேன். நீ என்னைப் பேச விடவில்லை.

"வரமாட்டீங்கன்னா வரமாட்டேன்னு சொல்லுங்கப்பா. நான் வாசல்லயே உக்காந்துட்டு இருந்தேன்."

அழவில்லை நீ. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன பதில் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.  பின்னால் நின்றவர் என் முதுகைத் தொட்டதும் போனை அவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே பம்படிக்குப் போய், கழற்றத் தேவையே இல்லாத ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் எங்கள் முகாமையே மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வேறு பகுதியில் நிலைமை மோசம், அங்கே ஆள் வேண்டும் என்றார்கள். இந்த மேட்டுக்குப் பதில் ஆள் வருவார்களா என்று கேட்டோம். பார்க்கலாம் என்று பதில் வந்தது. ராணுவத்தில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரியில் சாமான் ஏற்றுவதைக் குடிசைக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேச்சல் மட்டும் முன்னால் வந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. எப்போது திரும்பி வருவீர்கள்?

மேஜர் சாப் நல்ல மனிதர். அவர் கண்ணே கலங்கியிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் வந்துவிடுவோம், கவலைப்படாதே என்று இங்கிலீஷில் சொன்னார். ஜோசஃப் அதைச் சொல்ல வாயெடுத்தான். அப்போது எனக்கு வாசற்படியில் பாவாடை கட்டி உட்கார்ந்திருந்த நீ ஞாபகத்துக்கு வந்தாய். நான் ஜோசஃபின் கையைப் பிடித்துவிட்டேன். அதுவரைக்கும் மேலதிகாரி பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேசியவன் இல்லை நான். "சாப், தேதி சொல்லாதீங்க. நமக்குத் தெரியாது. தெரியாதுன்னே சொல்லிடுவோம்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. எல்லார் முன்னாலும் அவரைப் பொய்யராக்கிவிட்டேன்.  அவர் ஜோசஃபிடம் திரும்பி, "திரும்பி வருவதற்கு உத்தரவு எதுவும் இல்லை என்று சொல்" என்றார்.

ரேச்சல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். எங்கள் காலடியில் துப்பினாள். பிறகு திரும்பிப்போய்த் தன் குடிசையைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பிரித்தார்கள். மாட்டுக்காரர்கள் பக்கமும் பாதிப்பேர் பிரித்தார்கள். மேஜர் சாப் புறப்பாட்டை ஒரு நாள் தள்ளிவைத்தார். அதற்கு மேலிடத்தில் அவர் வாங்கிய திட்டு தனிக்கதை. மறுநாள் நடக்க முடியாதவர்களையும் குழந்தைகளையும் லாரிகளில் ஏற்றி, மற்றவர்கள் இரு பக்கமும் நடக்க, எல்லாரையும் பெரிய ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். அங்கே மருத்துவமனை இருந்தது, வேறு ஒரு நாட்டுப் படையும் இருந்தது. மழை முடிந்த பிறகு அந்த மேட்டுக்குக் கீழே மிச்சம் இருந்த குடிசைகளை எல்லாம் எரித்துவிட்டார்கள் என்று ஜோசஃப் பின்னால் ஒருமுறை போனில் சொன்னான். பதில் ஆள் யாரும் வரவில்லை. நாங்களும் திரும்பிப் போகவில்லை. ரேச்சல் அந்தப் பெரிய ஊரில் சந்தையில் உப்பு விற்கிறாள் என்றும், என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த ரெஞ்சுக்காரன் என்றுதான் சொல்கிறாள் என்றும் சொன்னான். எனக்கு அது போதும்.

மழைக்காலம் முடிந்ததும் வருவோம் என்று ஜோசஃப் சொல்லியிருந்தால் அவர்கள் காத்திருந்திருப்பார்கள். நீ காத்திருந்த மாதிரியே, நல்ல துணியைப் போட்டுக்கொண்டு. அவர்கள் உயிரோடு போய்ச் சேர்ந்ததில் ஏழு வயதில் நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பங்கு இருக்கிறது. இத்தனை வருடம் இதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் முதலில் வாசற்படியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். நம் இருவருக்கும் அது வராது. நீ அந்த தசராவைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அடுத்த வருடம் நான் தோளைக் காட்டியபோது, நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டாய், அவ்வளவுதான்.

இப்போது சொல்கிறேன். நான் இல்லாததால் நீ பட்டது கஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் உன் அம்மா உன்னை நன்றாகத்தான் வளர்த்தாள். நீ சிரித்தாய், படித்தாய், பக்கத்து வீட்டுப் பையனை அடித்துவிட்டு வந்தாய். நான் இல்லாத வருடம் உன்னைக் காயப்படுத்தவில்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்தக் காயத்தில் பெரிய பங்கு நான் சொன்ன தேதியுடையது என்று மட்டும் சொல்கிறேன். கவின் உன் பிரிவைத் தாங்குவான். காலண்டரில் வட்டம் போட வைக்காதே.

அதனால் என் பதில்: போ. உன் அம்மாவையும் கேட்டுவிட்டேன். "அவ போகோணும்னு நெனைக்கறா, அதனாலதான் உங்களக் கேக்கறா. வேண்டாம்னு நெனச்சிருந்தா கேக்காமயே இருந்திருப்பா" என்றாள். அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. திரும்பி வந்ததும் உனக்குச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் எரிச்சல் வரும். நான் வந்த புதிதில் குழாயை யாராவது மூடாமல் விட்டால் வீட்டையே இரண்டாக்கிவிடுவேன், நீயே ஓடிப்போய் மூடிவிட்டு வருவாய். உனக்கு அப்படி வரும்போது நாங்கள் பொறுத்துக்கொள்வோம். மாப்பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இன்று காலை கவினைப் பள்ளிக்கூடத்தில் விடப்போனேன். உன் பிள்ளைக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் வாயில் வருகிறது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "தாத்தா, அம்மா யாவாக பர்த்தாளே?" என்று கேட்டான். அம்மா எப்போது வருவாள் என்றுதான். தசராவுக்கு என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அம்மிணி. பழகிய நாக்கு. கடித்துக்கொண்டேன்.

"தெரியாது சாமி" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். இந்தத் தாத்தாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்ற பார்வை. பிறகு, "சாயங்காலம் யாரு வர்றது?" என்று கேட்டான்.

"நான்தான் வருவேன்."

"பக்கா?"

"பக்கா."

அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. பையை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிவிட்டது. இந்தச் சேற்றில் ஸ்கூட்டர் ஓடாது, நடந்துதான் போக வேண்டும். கேட்டைத் திறக்கும்போது நான் முன்னால் நிற்க வேண்டும். ஷட்டரை இறக்குகிறேன்.

அப்பா